புங்கோமாவில் ஒன்றரை ஏக்கர்: மாவு மில்லா, மக்காச்சோள மூட்டையா?

கேள்வி, ஆகஸ்ட் 4

கிசுமுவில் வேலை பார்க்கிறேன். கூட வேலை செய்யும் கென்யர் ஒருவர் அடுத்த மாதம் ஊரோடு போய்விடுகிறார். ஊர் மேற்குக் கென்யாவில், புங்கோமா மாவட்டம், வெபுயேவுக்கு உள்ளே. ஒன்றரை ஏக்கர் நிலம், கையில் ஒன்றரை லட்சம் ஷில்லிங். டீசல் இன்ஜின் வைத்து மாவு மில் போட்டால் காலத்துக்கும் சோறு என்கிறார். எல்லா வீட்டிலும் தினம் உகாலிதானே (மக்காச்சோள மாவில் கிண்டும் களி), கூட்டம் குறையாது என்கிறார். இந்தக் கணக்கு சரியா?

ஆகஸ்ட் 4, இரவு

மில் கூடாது என்று சொல்ல மாட்டேன். முதல் முதலீடாக மில் கூடாது.

ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு ஒரு மூட்டை மக்காச்சோளம், அதாவது 90 கிலோ, என்பது அங்கே பொதுவாக வைத்துக்கொள்ளும் அளவு. ஆறு பேர் வீட்டுக்கு நாளைக்கு ஒன்றரை கிலோ. நடக்கிற தூரத்தில் 200 வீடு இருந்து, அத்தனையும் இவர் மில்லுக்கே வந்தாலும் நாளைக்கு 300 கிலோ. 10 குதிரைத்திறன் மில் அதை இரண்டு மணி நேரத்தில் அரைத்துப் போட்டுவிடும். ஆனால் அந்த 300 கிலோ ஒரே நேரத்தில் வராது. நாலு கிலோவைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா வருவார், அரை மணி கழித்து ஒரு பையன் வருவான். ஒவ்வொருவருக்கும் இன்ஜினைக் கிளப்பினால் டீசல் போகும். நாலு பேர் சேரட்டும் என்று காக்க வைத்தால் அந்த அம்மா அடுத்த மில்லைத் தேடிப் போவார்.

கிலோவுக்கு 5 ஷில்லிங் கூலி என்று வைத்துக்கொண்டால் நாள் வரவு 1,500. டீசல், பெல்ட், ஆள் கூலி எல்லாம் அதிலிருந்துதான். பக்கத்தில் இன்னொரு மில் வந்தால் 750. கையிலிருக்கிற மொத்தப் பணத்தையும் இரும்பில் போட்டுவிட்டு இந்த 750-ஐ நம்பி உட்கார வேண்டாம்.

ஆகஸ்ட் 6

பிறகு எதில் போடுவது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். மக்காச்சோளத்திலேயே போடலாம். விளைவிப்பதில் வருகிற காசை விட, கெடாமல் வைத்து விற்பதில் வருகிற காசு பெரிது.

புங்கோமாவில் மார்ச் மழையோடு விதைப்பு, ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை அறுவடை. அறுவடை முடிந்த கையோடு விலை அடிமட்டத்தில் கிடக்கும். அடுத்த மே, ஜூனில், எல்லா வீட்டிலும் குதிர் காலியான பிறகு ஏறும். அக்டோபரில் விற்ற அதே விவசாயி மே மாதம் அதே மக்காச்சோளத்தை (இனி சுருக்கமாகச் சோளம்) கூடுதல் விலைக்கு வாங்கித் தின்கிறார். இது சோம்பேறித்தனமோ அறியாமையோ இல்லை. கடன், பள்ளிக் கட்டணம், வண்டு என்ற மூன்று காரணங்களால் விற்கிறார்கள். மூன்றுக்கும் வழி இருக்கிறது.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். சிறு விவசாயிகளுக்குக் கடன் தரும் ஒன் ஏக்கர் ஃபண்ட் அமைப்போடு சேர்ந்து இதே பகுதியில் செய்து 2019-ல் வெளியான ஆய்வில், அறுவடை நேரத்தில் கடன் கிடைத்த குடும்பங்கள் அவசரத்துக்கு விற்காமல் வைத்திருந்து, கடன் தொகையின் மேல் 29% வருமானம் பார்த்தன. இன்னொன்றும் கண்டார்கள்: ஒரே வட்டாரத்தில் நிறையப் பேர் இருப்பு வைத்தால் விலை ஏற்றம் மட்டுப்பட்டு ஆளுக்குக் கிடைக்கும் லாபம் குறைகிறது. ஊரே இருப்பு வைத்தால் உங்கள் நண்பரின் பங்கு சுருங்கும், ஊருக்கு நல்லது. அவர் கணக்குப் போடும்போது இதையும் சேர்த்துப் போடட்டும்.

ஆகஸ்ட் 7

அறுவடை நெருங்குகிறது, அதனால் காயவைப்பதை முதலில் எழுதிவிடுகிறேன். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

கதிர் ஒடிக்கும்போது மணியில் 20 முதல் 25 சதவீதம் ஈரம் இருக்கும். இருப்பு வைக்க 13.5 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். ஒடித்த கதிரை வெறும் மண்ணில் கொட்டவே கூடாது. பூஞ்சணம் மண்ணில்தான் இருக்கிறது. தார்ப்பாய் விரித்துத்தான் கொட்ட வேண்டும். மட்டை உரித்ததும் பச்சையோ கறுப்போ படிந்த கதிர், பறவை கொத்தியது, புழு துளைத்தது எல்லாவற்றையும் தனியே எடுக்க வேண்டும். கதிராகவே நாலைந்து வெயில் காட்டிவிட்டு உதிர்த்து, மணியாக மறுபடி காயவைக்க வேண்டும். மணி இரண்டு விரற்கடை உயரத்துக்கு மேல் குவியக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் கிளறிவிட வேண்டும். பிற்பகலில் மேகம் திரளும் ஊர் அது. மூன்று மணிக்கே வாரி மூடாவிட்டால் காலையில் காய்ந்ததெல்லாம் மாலையில் நனையும்.

உதிர்ப்பது எப்படி என்பதில் கவனம் வேண்டும். சாக்கில் போட்டுத் தடியால் அடிப்பது அங்கே வழக்கம். அடியில் மணி உடைகிறது, உடைந்த மணியில் வண்டும் பூஞ்சணமும் முதலில் ஏறும். கையால் சுற்றும் உதிர்ப்பான் போதும். நிறைய இருந்தால் வாடகை இயந்திரம்.

பூஞ்சணத்தை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், 2004-ல் கிழக்கே மக்குவேனி, கிட்டுயி பகுதிகளில் அஃப்லடாக்சின் என்ற பூஞ்சண நஞ்சு ஏறிய சோளத்தைச் சாப்பிட்டு 317 பேர் பாதிக்கப்பட்டு 125 பேர் இறந்தார்கள். அந்த நஞ்சு சமைத்தால் போகாது. கழித்துப் போட்ட கதிரைக் கோழிக்கும் மாட்டுக்கும் போடாதீர்கள்.

ஆகஸ்ட் 9

ஈரமானி இல்லாமல் எப்படி அளப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். உப்பு போதும்.

முக்கால் லிட்டர் கண்ணாடி பாட்டில், மூடியோடு, உள்ளே சொட்டு ஈரம் இல்லாமல். மூன்றில் ஒரு பங்கு மணி, மேலே இரண்டு மூன்று மேசைக்கரண்டி உப்பு. ஒரு நிமிஷம் குலுக்கி, கால் மணி நேரம் அப்படியே வையுங்கள். பாட்டிலின் உள்பக்கம் உப்பு ஒட்டிக்கொண்டால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல், இன்னும் வெயில் வேண்டும். ஒட்டாமல் அடியில் விழுந்தால் 15-க்குக் கீழே.

இரவில் சேர்க்கிறேன்: உப்பே ஈரமாக இருந்தால் சோதனை பொய் சொல்லும். உப்பை வாணலியில் வறுத்து ஆறவைத்து, மூடிய டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, இந்தச் சோதனை 15-ஐத்தான் காட்டும், 13.5-ஐக் காட்டாது. உப்பு ஒட்டாமல் விழுந்த பிறகும் நல்ல வெயில் இரண்டு நாள் கொடுங்கள். மணியைப் பல்லில் கடித்தால் நசுங்காமல் படக்கென்று உடைய வேண்டும்.

ஆகஸ்ட் 15

இனி மூட்டை. பிக்ஸ் பை என்று கேட்டால் வேளாண் மருந்துக் கடைகளில் தருவார்கள். உள்ளே ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கனத்த பிளாஸ்டிக் உறை, வெளியே வழக்கமான நெய்த சாக்கு. 1980-களின் கடைசியில் கேமரூனில் தட்டைப்பயறைக் காப்பாற்றுவதற்காக அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் தொடங்கிய வேலையில் பிறந்தது. மருந்தே கிடையாது. உள்ளே இருக்கிற வண்டு மூச்சு விட்டு விட்டு இருக்கிற ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். பிறகு தின்னாது, முட்டையிடாது, செத்துப்போகும்.

போடும் முறை: முதலில் இரண்டு உறையையும் தனித்தனியே காற்றுப் பிடித்து, வாயை முறுக்கி, அமுக்கிப் பார்க்க வேண்டும். கன்னத்தில் காற்று பட்டால் ஓட்டை. நல்ல உறையில் மணியைக் கொட்டி, இரண்டு மூன்று தரம் தூக்கித் தட்டி, மூலையெல்லாம் நிறையவிட வேண்டும். மேலே ஒரு சாணுக்குக் குறையாமல் வாய் விட வேண்டும். பேராசைப்பட்டுக் கழுத்து வரை நிரப்பினால் கட்ட இடம் இருக்காது, நிறைய மூட்டைகள் இதனால்தான் கெடுகின்றன. கையால் அழுத்திக் காற்றை வெளியேற்றி, வாயை இறுக முறுக்கி, ரப்பர் நாடாவால் கட்டி, முறுக்கை மடித்து மறுபடி ஒரு கட்டு. நடு உறைக்கும் அப்படியே. கடைசியில் வெளிச் சாக்கு.

கட்டிய மூட்டையைக் குறைந்தது இரண்டு மாதம் திறக்காதீர்கள். 'எப்படி இருக்கு பார்ப்போம்' என்று வாரம் ஒரு தரம் திறந்தால் வண்டுக்கு நாமே காற்று ஊதிவிடுகிறோம். மூட்டையைப் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்க வேண்டும். சுவரை ஒட்டினால் எலி ஏறும், எலி கடித்த உறை வெறும் சாக்கு.

ஈரச் சோளத்தைப் போட்டு இறுக்கக் கட்டினால் இந்தப் பை காப்பாற்றாது. புளித்துப்போன நாற்றம்தான் வரும். 7-ஆம் தேதிக் குறிப்புக்கு மறுபடி போங்கள்.

செப்டம்பர் 2

மருந்துப் பொடி போதாதா? போதும், சாதாரணச் சாக்காக இருந்தால். 90 கிலோ மூட்டைக்கு 50 கிராம் ஆக்டெலிக் சூப்பர், தார்ப்பாயில் கொட்டி மண்வெட்டியால் புரட்டிக் கலக்க வேண்டும், மேலாகத் தூவினால் பயனில்லை. சாதாரண வண்டு ஒரு பக்கம் இருக்க, பெரிய துளைப்பான் ஒன்று இருக்கிறது, அங்கே 'ஒசாமா' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மத்திய அமெரிக்காவிலிருந்து தான்சானியாவுக்கு வந்து, 1980-களில் கென்யாவுக்குள் நுழைந்தது. மரத்தையே துளைக்கும். மூட்டைக்குக் கீழே மாவு கொட்டிக் கிடந்தால் அதுதான். கதிரோடு சேர்த்துவைத்தால் அதற்குக் கொண்டாட்டம், உதிர்த்து வைப்பதே பாதிப் பாதுகாப்பு. பிளாஸ்டிக் உறையையும் சில இடத்தில் துளைத்துவிடும், அதனால் கட்டும் முன் மணி சுத்தமாக இருக்க வேண்டும்.

செப்டம்பர் 20

கடன் வாங்கி இருப்பு வைக்கலாமா? இதைக் கேட்டவருக்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், இதில்தான் குடும்பங்கள் கவிழ்கின்றன.

பத்து மூட்டை, மூட்டை 3,000 என்று வாங்கினால் 30,000. ஜூனில் 4,000 என்று விற்றால் 40,000. பை ஒன்று 250 என்று வைத்து, மூன்று பருவத்துக்குப் பிரித்தால் பத்துப் பைக்கு இந்த வருஷப் பங்கு 800-க்குக் கொஞ்சம் மேலே. தூக்குக் கூலி, வண்டிக் கூலி 1,500. கையில் மிஞ்சுவது 7,500 சொச்சம். இப்போது ஊரில் பெண்கள் குழுவில் கிடைக்கும் கடனைப் பாருங்கள். மாதம் 10 சதவீதம் வட்டி அங்கே சாதாரணம். எட்டு மாதத்துக்கு 24,000. மூட்டை தங்கமாகவே இருந்தாலும் கட்டுபடியாகாது. குழுக் கடன் இரண்டு வாரத்தில் திரும்பும் வேலைக்கு, தக்காளி வாங்கி விற்பதற்கு, ஆஸ்பத்திரிக்கு. எட்டு மாதம் தூங்கும் சரக்குக்கு அது ஆகாது.

ஆனால் அதே குழு வேறு விதத்தில் உதவும். இந்தச் சேமிப்புக் குழு முறையை 1991-ல் நைஜரின் மராடி பகுதியில் கேர் என்ற தொண்டு நிறுவனம் பெண்களோடு தொடங்கியது, அங்கிருந்து கண்டம் முழுக்கப் பரவியது. பதினைந்து முதல் இருபத்தைந்து பேர், மூன்று பூட்டுப் போட்ட பெட்டி, மூன்று பேரிடம் மூன்று சாவி, வருஷக் கடைசியில் வட்டியோடு பங்கு பிரிப்பு. பிரிப்பதைப் பல குழுக்கள் டிசம்பரில் வைக்கின்றன, கிறிஸ்துமஸுக்காக. அதை அக்டோபருக்கு மாற்றினால் போதும். சோளம் அடிவிலையில் இருக்கும்போது சொந்தப் பணம் கைக்கு வரும், ஒரு பைசா வட்டி இல்லாமல். கூட்டத்தில் சண்டை வரும், ஆனாலும் பேசிப் பார்க்க வேண்டியது இதுதான். இருப்பு வைக்கிற ஒரு வீட்டுக்கு இதைவிடப் பெரிய உதவி எனக்குத் தெரியவில்லை.

அக்டோபர் 11

அக்கம்பக்கத்தில் வாங்கப் போகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தராசோடு போகச் சொல்லுங்கள். ஊரில் கொரோகொரோ டின்னால் அளக்கிறார்கள், ஏறத்தாழ இரண்டு கிலோ பிடிக்கும் பழைய கொழுப்பு டப்பா. அடி உள்ளே நசுங்கியது, குவித்து அளப்பது, தலை தட்டி அளப்பது என்று ஆளுக்கு ஒரு மாதிரி. தொங்கு தராசு ஒன்று வாங்கி, விற்பவர் கண் முன்னே நிறுத்துக் காசு கொடுத்தால், அடுத்த வருஷம் தேடி வந்து தருவார்கள்.

ஈரச் சோளத்துக்குக் காய்ந்த விலை கொடுக்கக் கூடாது. 16 சதவீத ஈரத்தில் 90 கிலோ வாங்கி 13-க்குக் காயவைத்தால் 87 கிலோவுக்கும் ஒரு மயிரிழை குறைவாகத்தான் இருக்கும். பத்து மூட்டையில் 31 கிலோ காற்றில் போனது. உப்புப் பாட்டிலைக் கையோடு கொண்டுபோகட்டும். விலை பேசுவதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது, விற்பவரும் ஏற்றுக்கொள்வார்.

டிசம்பர் 28

ஜனவரியில் பள்ளி திறக்கிறது. இருப்பு வைக்கும் தீர்மானமெல்லாம் உடைகிற மாதம் இது.

உடையாமல் இருக்க, மூட்டை கட்டும்போதே ஒவ்வொன்றின் மேலும் மார்க்கர் பேனாவால் எழுதிவிட வேண்டும். பதினெட்டு மூட்டை விளைந்தது என்றால்: வீட்டுச் சாப்பாடு 6, ஜனவரிக் கட்டணம் 4, மார்ச் விதையும் உரமும் 3, ஜூன் விற்பனை 5. ஜனவரி மூட்டைகளுக்குப் பிக்ஸ் பை கூடத் தேவையில்லை, பொடி போட்ட சாக்கே போதும். கணவனும் மனைவியும் சேர்ந்து எழுத வேண்டும். தனியாக ஒருவர் முடிவெடுத்த வீட்டில் மற்றவருக்குத் தெரியாமல் மூட்டை இறங்கும். மாமன் மச்சான் வந்து ஒரு டின் கேட்டால் சாப்பாட்டு மூட்டையிலிருந்து கொடுக்கட்டும். ஜூன் மூட்டையைப் பிரிக்கக் கூடாது. கொடுக்காமல் இருக்க முடியாது. கொடுக்கிற ஊர் அது, அப்படியே இருக்கட்டும்.

ஜனவரி 19

கோழி பற்றிக் கேட்டவருக்கு.

நாட்டுக்கோழி வளர்ப்பில் தீவனத்தை விடப் பெரிய செலவு சாவுதான். வெள்ளைக்கழிச்சல் வந்தால் தடுப்பூசி போடாத மந்தையில் பத்துக்கு எட்டு ஒன்பது போகும். வெயில் தாங்கும் ஐ-2 என்ற தடுப்பு மருந்து இருக்கிறது, ஆஸ்திரேலியாவில் கிராமக் கோழிகளுக்காகவே உருவாக்கியது. ஒரு கண்ணில் ஒரு சொட்டு, எல்லா வயசுக்கும் அதே அளவு, நான்கு மாதத்துக்கு ஒரு தரம். ஏற்கனவே நோய்வாய்ப்பட்ட கோழிக்குப் போட்டுப் பயனில்லை. போட்ட பிறகு பாதுகாப்பு வர ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதனால் ஊரில் சாவு தொடங்கிய பிறகு ஓடக் கூடாது.

குப்பி திறந்தால் அன்றே முடிக்க வேண்டும். வீட்டில் பத்துக் கோழி வைத்திருப்பவருக்கு நூறு சொட்டுக் குப்பி வீண். இதிலேயே ஒரு தொழில் இருக்கிறது: ஒரு நாளைக் குறித்து, முன்கூட்டியே வீடு வீடாகச் சொல்லி, கோழிகளை மேயவிடாமல் கூட்டிலேயே வைக்கச் சொல்லி, விடியற்காலையில் ஈரத்துணி சுற்றிய குப்பியோடு போய், கோழிக்கு இவ்வளவு என்று வாங்குவது. முதலீடு சொட்டுக் குழலும் நடந்து போகிற காலும்தான். இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் ஏற்றது.

பிப்ரவரி 16

நிலம் பற்றி இதுவரை எழுதவில்லை. ஒன்றரை ஏக்கரில் சுடுமல்லி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஊதாப்பூ பூத்து, சோள வேரில் ஒட்டி உறிஞ்சும் களை, மேற்குக் கென்யாவின் சாபம். பிடுங்கி மாளாது, விதை மண்ணில் பல வருஷம் கிடக்கும்.

விக்டோரியா ஏரிக்கரையில் ம்பிட்டாவில் இருக்கும் இசிபே பூச்சியியல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய 'தள்ளு-இழு' முறை இதற்குச் சரியான மருந்து. சோள வரிசைகளுக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற பயறுவகைக் கொடி, வயலைச் சுற்றி மூன்று வரிசை நேப்பியர் புல். டெஸ்மோடியம் வேர்க் கசிவு சுடுமல்லியை அடக்குகிறது, வாசனை தண்டுத்துளைப்பான் அந்துப்பூச்சியை விரட்டுகிறது. விரட்டியது புல்லில் போய் முட்டையிடுகிறது, புழு அங்கே பிழைப்பதில்லை. கொடியும் புல்லும் மாட்டுத் தீவனம்.

கெடுவது எங்கே என்றால் முதல் பருவத்தில். டெஸ்மோடியம் முளைத்து மெதுவாக வரும், பார்க்கக் களை மாதிரியே இருக்கும். கூலி ஆள் அதையும் சேர்த்துச் செதுக்கிவிடுவார். முதல் இரண்டு களையெடுப்பும் வீட்டு ஆள் கையாலேயே நடக்க வேண்டும்.

விதை ஏக்கருக்கு 10 கிலோ, 75-க்கு 25 சென்டிமீட்டரில் குழிக்கு ஒன்று. பொட்டலத்து லேபிளைச் சுரண்டி எண்ணைக் குறுஞ்செய்தி அனுப்பிச் சரிபார்க்காமல் வாங்க வேண்டாம், போலி விதை நிறைய.

மார்ச் 9

கீரை பற்றி ஒரு வரி கேட்டீர்கள். அங்கே மனாகு என்று விற்பது நம் மணத்தக்காளிக்கு நெருங்கிய சொந்தம், சாகா என்பது நல்வேளை, குன்டே தட்டைப்பயறு இலை. ஜனவரி முதல் மார்ச் மழை தொடங்கும் வரை, மழை இல்லாத நாட்களில், ஓடைக்கரையில் கால் ஏக்கர் இருந்தாலும் வாரா வாரம் காசு. நல்வேளை விதை புதிதாக இருந்தால் முளைக்காது, சில மாதம் பழசானதை விதைக்க வேண்டும்; பூவைக் கிள்ளிவிட்டால் இலை நீளமாகக் கிடைக்கும். விடியலில் பறித்தால்தான் சந்தைக்கு வாடாமல் போகும்.

மே 24

விலை ஏறத் தொடங்கிவிட்டது, இன்னும் வைக்கலாமா என்கிறார். வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஜூன் விற்பனைக்கென்று எழுதிய ஐந்து மூட்டையில் இரண்டை இப்போது, இரண்டை ஜூன் நடுவில், ஒன்றை ஜூலை முதல் வாரம். உச்சியைப் பிடிக்க நினைப்பவர்களைத்தான் அரசாங்க அறிவிப்பு அடிக்கிறது. 2017-ல் தீர்வையில்லா இறக்குமதி வந்தது, இரண்டு கிலோ மாவை 90 ஷில்லிங்குக்கு மானியத்தில் விற்றார்கள். 2022 ஜூலையில் 100 ஷில்லிங் மாவு. தேர்தல் வருஷம் என்றால் இன்னும் ஜாக்கிரதை. 2021 மார்ச்சில் அஃப்லடாக்சினைக் காட்டி உகாண்டா, தான்சானியா சோளத்தை நிறுத்தி, சில நாளிலேயே நிபந்தனையோடு திறந்தார்கள். உகாண்டாவை ஒட்டிய புசியா எல்லையில் லாரி நிற்பதும் நகர்வதும் புங்கோமா சந்தையில் மறுநாளே தெரியும். எல்லைப் பக்கம் ஒரு போன் நண்பர் இருந்தால் நல்லது.

ஆகஸ்டில் சொன்ன மில் விஷயத்துக்கும் இங்கே ஒன்று சேர்க்கிறேன். இரண்டு மூன்று வருஷம் இப்படி இருப்பு வைத்துப் பழகியவர், சொந்தக் களஞ்சியத்தின் பக்கத்திலேயே மும்முனை மின்சாரம் வந்தால் மோட்டார் மில் போடலாம். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் சொந்தச் சோளத்தை அரைத்துக் கடைகளுக்கு விற்க நினைத்தால் ஒரு தடை உண்டு: 2012 முதல் பொட்டல மாவில் சத்துச் சேர்ப்பது கட்டாயம், தர முத்திரையும் வேண்டும். கூலிக்கு அரைப்பதில் அந்தச் சிக்கல் இல்லை. மில்லுக்குள் சுழன்று சோளத்தை உடைக்கும் சுத்தியல்கள் தேய்ந்ததும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருப்பிப் போட வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் எடை தவறி, அதிர்ந்து அதிர்ந்து பேரிங் போய்விடும். சோளம் கொட்டும் மேல் தட்டில் ஒரு காந்தம் ஒட்டினால் ஆணி சல்லடையைக் கிழிக்காது.

ஜூலை 13

காலியான பைகளைக் கேட்டிருந்தீர்கள். உள்ளே மிஞ்சிய மணி, தூசி எல்லாவற்றையும் உதறி, உறையை உட்புறம் வெளியே திருப்பி நிழலில் காயவைத்து, மறுபடி காற்றுப் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை ஓட்டை ஒன்றிரண்டு என்றால் அகலமான டேப்பை இரண்டு பக்கமும் ஒட்டலாம். அதற்கு மேல் இருந்தால் அந்த உறையைச் சாப்பாட்டு மூட்டைக்குத் தள்ளிவிட்டு, ஜூன் மூட்டைகளுக்குப் புது உறை வாங்குங்கள். இப்போதே வாங்கட்டும், செப்டம்பரில் கடையில் தீர்ந்துவிடும்.